வேலை மலையடிவாரத்தைத் தேடி வந்தது

திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்கும் கிழக்கேகோட்டைக்கும் நடுவே நடந்து செல்பவரின் காதில் மலையாளத்தோடு தமிழும் விழும். அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாகத் தமிழ் வணிகர் உள்ளனர். நாகர்கோவில், தென்காசிப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து தங்கிவிட்ட குடும்பங்களும் பல. ஊரிலேயே ஒரு வேலை இருந்திருந்தால் பெற்றோரை விட்டு ஏன் வந்திருப்போம் என்ற ஏக்கம் அவர்களிடம் உண்டு. அந்த ஏக்கத்திற்கு ஒரு விடை, இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தொலைவில் இருக்கிறது.

தென்காசிக்குச் செல்லும் சாலை நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்தூப்புழை வழியாக மலையேறுகிறது. ரப்பர் தோட்டங்களையும் காடுகளையும், தென்மலையையும் ஆரியங்காவையும் கடந்து இறங்கினால், புளியரையில் நெல்வயல்கள் விரிகின்றன. அடுத்து வரும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து இரயில் பாதை வந்தது 1904-இல். பாதை வந்தும் பிள்ளைகளின் படிப்புக்கு ஏற்ற வேலை வரவில்லை. ஆண்களுக்கு வயலும் வெளியூரும், பெண்களுக்கு மடியில் பீடித்தட்டும் என்றே பல குடும்பங்களின் காலம் கழிந்தது. படித்த பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ பேருந்தேறினான்.

இந்நிலையில்தான் 2011-ஆம் ஆண்டு, ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் தென்காசியில் சிறிய அளவில் ஓர் அலுவலகம் திறந்தது. பின்னர் அருகிலுள்ள மத்தளம்பாறை கிராமத்தில் வளாகம் எழுந்தது. வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க உலகெங்கும் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருள் இங்கே உருவானது. வேம்பு அவர்களும் 2019-இல் இக்கிராமத்திற்கே குடிவந்தார். அதே ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று.

இது எப்படிக் கூடிற்று? ஆலைக்குத் துறைமுகமும் மூலப்பொருளும் வேண்டும். மென்பொருளுக்கு மின்சாரமும் இணைய இணைப்பும் பயிற்சி பெற்ற மனிதரும் போதும். முதல் இரண்டையும் விலைக்கு வாங்கலாம். மூன்றாவதை உருவாக்க வேண்டும். அதற்கென 2004-இல் அந்நிறுவனம் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயப் படிப்பும் முடித்த பிள்ளைகளைக் கட்டணமின்றிச் சேர்த்து, உதவித்தொகையும் தந்து கற்பிக்கிறது. பட்டம் இல்லையே என்று அங்கே கதவு அடைபடுவதில்லை.

திருவனந்தபுரத்தாருக்கு இது முற்றிலும் புதிதன்று. 1990-இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் எழுந்தபோது, நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அதுவே. ஆனால் அது தலைநகரின் அருகே, அரசின் முயற்சியால் வந்தது. சிற்றூருக்கும் அது எட்டும் என்பதைத் தென்காசி காட்டியது. 2025 ஜூலையில் கேரளத்தின் கொட்டாரக்கரையிலும் ஜோஹோ ஓர் ஆய்வு மையத்தைத் திறந்திருக்கிறது.

எனினும் ஒரு நிறுவனம் ஒரு மாவட்டத்தின் பசியை ஆற்றிவிடாது. பீடி சுற்றிய தாய்க்குக் கணினி முன் இடமில்லை. அவளுடைய மகளுக்கு உண்டு, அதுவும் அவள் பள்ளிப்படிப்பை நிறுத்தாதிருந்தால். ஒரே நிறுவனத்தை நம்பிய ஊர், அது தளர்ந்தால் தானும் தளரும். ஆகவே இரண்டாவது, மூன்றாவது நிறுவனங்களும் வர வேண்டும்.

அன்பான வாசகர்களே, நம்மில் பலருடைய ஊர்ச் சபைகளில் முதியோரும் சிறுவருமே மிகுந்திருக்கின்றனர். நாம் மாதந்தோறும் அனுப்பும் பணம் அவர்களுக்கு உணவாகிறது, வேலையாவதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அங்குள்ள ஒரு பிள்ளைக்குக் கணக்கும் ஆங்கிலமும் கணினியும் கற்றுத்தர நம் வீட்டு இளைஞர் முன்வரலாம். தொழிலறிவு பெற்றவர் ஊரில் சிறு பணிமனையேனும் தொடங்க எண்ணலாம். வேலை வந்து கதவைத் தட்டும்போது, திறப்பதற்கு ஆயத்தமான பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும்.