மாமாவின் உரக்கடையும் கப்பி மீன்களும்

கும்பகோணத்தில் மாமாவின் உரக்கடைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது வேப்பம் புண்ணாக்கு நெடி. அது பழகிய பிறகுதான் மற்ற மூட்டைகள் கண்ணுக்குத் தெரியும். வெள்ளை மணியாக யூரியா, கறுத்த மணியாக டி.ஏ.பி., சாம்பல் நிறத்தில் சூப்பர் பாஸ்பேட், செங்கல் தூளில் புரட்டிய கல்லுப்பு மாதிரி பொட்டாஷ். கோடை விடுமுறையில் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். கல்லா மேசையை ஒட்டி எனக்கென்று ஒரு முக்காலி இருந்தது.

எங்கள் வீட்டு ஹாலில் அப்பா ஒரு மீன் தொட்டி வைத்திருந்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலையும் கல்லையும் கழித்தால் ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கப்பி, மோலி என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. குளத்திலிருந்து அள்ளிவந்து போட்ட வேலம்பாசி அதுபாட்டுக்குத் தழைத்தது. காசு கொடுத்து வாங்கிய அமேசான் ஸ்வார்ட் செடிதான் நோஞ்சானாகவே நின்றது. அடி இலைகளில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மஞ்சள். நடுக்குருத்தில் வந்த இலையோ நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது.

உரக்கடைக்காரர் மருமகளுக்கு உரத்துக்கா பஞ்சம்? "ஒரு கைப்பிடி யூரியா தாங்க மாமா, தொட்டியில போடணும்" என்று கேட்டேன்.

மாமா தராசை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார். "யூரியா தண்ணியில கரைஞ்சா அம்மோனியாவா மாறும் பாப்பா. வயல்ல கொஞ்சம் காத்துல போயிடும், கொஞ்சத்தை மண்ணு புடிச்சுக்கும். உன் தொட்டியில எங்க போகும்? மீனோட செவுளுக்குத்தான் போகும்."

எங்கள் ஊர் அடிபம்புத் தண்ணீர் காய்ந்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அப்படிப்பட்ட காரத் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் ஏறும் என்பது கல்லூரியில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாமா டி.ஏ.பி.யும் வேண்டாம் என்றார். அதிலும் அம்மோனியம் இருக்கிறது. போதாததற்கு, மீனுக்குப் போடும் தீனியிலிருந்தே தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரில் சேர்ந்துவிடும். நான் போட்ட தீனியில் அது தாராளமாகவே சேர்ந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கடையடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் குந்தினார். வயலில் பயிர் பார்ப்பதுபோலவே பார்த்தார். எங்கே கோளாறு, பழைய இலையிலா, புது இலையிலா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழ இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும், அதனால் அடி இலைதான் முதலில் கெடும். இரும்பு அப்படி நகராது. அது குறைந்தால் குருத்து வெளிறும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலை மஞ்சளித்தால் விவசாயிகள் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்துத் தெளிப்பது இதற்காகத்தான். எங்கள் செடிக்குச் சாம்பல்சத்து, இரும்பு இரண்டின் குறையும் சேர்ந்தே இருந்தது. தீனியிலிருந்து போதுமான அளவு கிடைக்காத இரண்டும் அவைதான்.

சாம்பல்சத்து தரும் பொட்டாஷுக்கு அவர் செய்த பக்குவம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்து கிராமை அரை லிட்டர் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். தண்ணீர் செந்நிறமாகிவிட்டது. நான் முகம் சுளித்தேன். ஒரு ராத்திரி தெளியவிட்டார். காலையில் பார்த்தால் சிவப்பெல்லாம் அடியில் சேறாகப் படிந்து, மேலே தெளிந்த நீர். அந்தச் சிவப்பு இரும்புத் துருவும் களிமண்ணும்தான், சத்து கரைந்திருப்பது தெளிவில். அதை மட்டும் இறுத்து ஒரு பாட்டிலில் ஊற்றி, வாரத்துக்கு 25 மில்லி என்று இருமல் மருந்து மூடியால் அளந்து விடச் சொன்னார். பிற்பாடு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை கிராம் பொட்டாஷில் கால் கிராம் பொட்டாசியம். ஐம்பது லிட்டரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராம். இன்று விலை கொடுத்து வாங்கும் பாட்டில்களின் அளவிலிருந்து அது பெரிய தூரம் இல்லை.

இரும்புக்கு அன்னபேதியை நேராகக் கரைத்துவிடவில்லை. காரத் தண்ணீரில் அது சீக்கிரமே துருவாகி அடியில் தங்கிவிடும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த செம்மண்ணைச் சலித்துப் பிசைந்து, நடுவில் கடுகளவு அன்னபேதி வைத்து உருட்டி, நிழலில் காயவைத்தோம். அந்த உருண்டைகளை வேருக்குப் பக்கத்தில் விரலால் மணலுக்குள் ஆழ அழுத்தினோம். காற்றுப் புகாத அடிமண்ணில் இரும்பு வேர் உறிஞ்சும் நிலையிலேயே இருக்கும். அமேசான் ஸ்வார்ட் பெரும்பாலும் வேரால் தின்கிற செடி, அதற்கு இதுதான் தோது. கடையில் நுண்ணூட்டக் கலவைப் பாக்கெட்டும் இருந்தது. பின்பக்கத்தைப் படித்துவிட்டு மாமா திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். அதில் மயில்துத்தம் சேர்ந்திருந்தது. வயலுக்கு அளந்த செம்புச் சத்து தொட்டியில் நத்தைக்கு எமன், இறாலுக்கும் அப்படியே.

எது குறைவோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்பதை ஜெர்மனியில் கார்ல் ஸ்ப்ரெங்கல் 1828-இல் எழுதினார். 1840-க்குப் பிறகு லீபிக் அதை உலகறியச் செய்தார். மாமா இருவர் பெயரையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இப்போது சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் உரப் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. 'எல்லாம் ஒன்றில்' என்று எழுதிய பாட்டிலை எடுக்குமுன் உங்கள் தொட்டியில் மீன் எத்தனை என்று எண்ணுங்கள். மீன் நிறைந்த சின்னத் தொட்டிக்கு நைட்ரஜனும் பாஸ்பேட்டும் சேராத, பொட்டாசியமும், சீக்கிரம் துருவாகிப் படியாதபடி கீலேட் செய்த இரும்பும் உள்ள பாட்டில் போதும். மீன் குறைவாகவும் செடி அடர்த்தியாகவும் இருந்தால் மட்டுமே நைட்ரஜன் கலந்தது தேவைப்படும், அதுவும் நைட்ரேட்டாக இருக்கட்டும். லேபிளில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள், வாரம் ஒருமுறை தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். ஓட்டை விழுந்த பழைய இலை இனி ஆறாது, கிள்ளிப் போட்டுவிடலாம். உரம் வேலை செய்கிறதா என்பதை அடுத்து விரியும் இலையில் பாருங்கள்.