எட்டு மணி நேரமும் ஒரு குறிப்பேடும்

தேர்வுக்குச் செல்லும் மாணவர்க்கு நாம் ஆண்டுதோறும் சொல்லிவரும் அறிவுரை ஒன்றுண்டு. வினாத்தாளை முழுவதும் படியுங்கள். தெரிந்ததை முதலில் எழுதுங்கள். தெரியாததைக் கடைசிக்கு ஒதுக்குங்கள் என்பதே அது. மூன்று மணி நேரத் தமிழ்த் தாளுக்கு இவ்வறிவுரை போதுமானது. சிலப்பதிகார வினாவுக்குப் பிழைபட விடை எழுதியவர் நன்னூல் வினாவுக்குச் செம்மையாக விடை எழுதுவதை எதுவும் தடுப்பதில்லை. அங்கே ஒவ்வொரு வினாவும் தனித்தனித் தீவு.

கணிப்பொறி வலையமைப்புத் துறையில் நடைபெறும் செய்முறைச் சான்றிதழ்த் தேர்வுகள் இத்தகையன அல்ல. அங்கு வினாவுக்கு விடை எழுதுவதில்லை. கருவிகளை இணைத்து, கட்டளைகள் இட்டு, ஒரு வலையமைப்பை இயங்கச் செய்து காட்டவேண்டும். அடியில் ஒரு சுவிட்சின் இணைப்புப் பிசகினால் அதன்மேல் எழுப்பிய பத்து வேலைகளும் சரிந்துவிடும். ஆகவே ‘தெரிந்ததை முதலில்’ என்னும் நம் பழைய அறிவுரை அங்கே வாயிலோடு நின்றுவிடுகிறது. தமிழாசிரியராகிய நமக்கு இத்துறையில் என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நம்மிடம் முதற்பகுதித் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரால் வந்த தொடர்பு இது.

அவர் எழுதிய தேர்வின் வரலாற்றைச் சற்றே சொல்லவேண்டும். சிஸ்கோ நிறுவனம் 1993-ஆம் ஆண்டு தொடங்கிய சி.சி.ஐ.இ. என்னும் சான்றிதழுக்கு உரிய ஆய்வகத் தேர்வு அது. தொடக்கத்தில் இரண்டு நாள் நடைபெற்றது. முதல்நாள் வேலையில் தேறியவரே மறுநாள் வரலாம். வந்தவர், கண்காணிப்பாளர் வேண்டுமென்றே செய்துவைத்த பழுதுகளைக் கண்டுபிடித்து நீக்கவேண்டும். தேறியவர்க்கெல்லாம் ஓர் எண் வழங்குவர். எண்கள் 1024-இல் தொடங்கின. அந்த முதல் எண்ணை மனிதர் எவர்க்கும் தராமல் ஆய்வகத்துக்கே சூட்டினராம். இக்குறும்பு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2001 அக்டோபரில் தேர்வு ஒரே நாளாகச் சுருங்கி எட்டு மணி நேரம் ஆயிற்று. 2014-இல் அந்த எட்டு மணி நேரத்தைப் பழுதுநீக்கலுக்கு இரண்டு, பழுதைக் கண்டறிதலுக்கு அரை, கட்டமைத்தலுக்கு ஐந்தரை எனப் பகுத்தனர். பழுதுநீக்கல் முடியவில்லையெனில் கட்டமைக்கும் நேரத்திலிருந்து அரைமணி கடன் பெறலாம். பெற்ற கடனை அன்று மாலையே செலுத்தியாகவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். 2020 பிப்ரவரியில் மற்றொரு மாற்றம் வந்தது. முதல் மூன்று மணி வலையமைப்பை வடிவமைக்கும் சிந்தனைக்கு. அடுத்த ஐந்து மணி கட்டி, இயக்கி, செப்பனிடும் வேலைக்கு. முதற்பகுதியில் கடந்துசென்ற வினாவுக்குத் திரும்ப வழியில்லை. இரண்டாம் பகுதியில் எத்தனை முறையும் திரும்பலாம். ஒரே நாளில் ஒரே மனிதர் இருவேறு கால ஒழுக்கங்களைக் கைக்கொள்ளவேண்டிய நிலை இது.

நம் மாணவரின் ஊர் நெய்வேலிக்கு அண்மையிலுள்ள வளையமாதேவி. 2023 ஜூலைத் திங்களில், நெற்பயிர் நின்ற வயல்களினூடே பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டப்பட்டபோது நாடெங்கும் பேசப்பட்ட அதே ஊர்தான். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. நிலத்துக்கு வந்த தொகை வீட்டுக்கும் தமக்கையின் திருமணத்துக்கும் போக, எஞ்சியதிலிருந்தே தேர்வுக் கட்டணத்தைச் செலுத்தினார். ஒருமுறை எழுதுவதற்கு அப்போது கட்டணம் 1,600 அமெரிக்க டாலராக இருந்தது. ஒரு காணி நிலத்தின் ஒரு மூலையை விற்று எட்டு மணி நேரம் வாங்கியதாகவே அவர் கருதினார். 2023-இன் தொடக்கத்தில் பெங்களூர் சென்று எழுதினார், தேறவில்லை.

தேர்வில் வந்தவற்றை வெளியே சொல்லக்கூடாதென்பது அங்கே கொடுத்துவரும் உறுதிமொழி. அவர் சொல்லவுமில்லை, நாம் கேட்கவுமில்லை. தம் நேரம் எங்கே போயிற்று என்பதை மட்டும், வீட்டில் பயிற்சி செய்யும்போது கண்ட எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்கினார். பாடம் கேட்டவரிடமே பாடம் கேட்கும் வாய்ப்பு ஆசிரியர்க்கு அரிதாகவே கிட்டுகிறது.

இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. ஆனால் தம்மிடமுள்ள செய்திகளைப் பரிமாறிக்கொள்ளாமல் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. ஒரு முனை ஒரே தவணையில் அனுப்பும் பொட்டலத்தின் உச்ச அளவும் மறுமுனையின் உச்ச அளவும் வேறுபட்டிருப்பது இதற்கு ஒரு காரணம். திருத்துவதற்கு ஒற்றை வரிக் கட்டளை போதும். கண்டுபிடிப்பதற்கோ அவருக்கு ஒரு முறை ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. “கண்டுபிடித்துவிட்டேன் ஐயா, அதுதான் கெடுதல்” என்றார். கண்டுபிடித்த களிப்பில் கடிகாரத்தைப் பார்க்கவே தோன்றவில்லையாம். இத்தேர்வின் நெடுங்கால மரபோ, ஒரு வேலைக்குரிய அனைத்தும் இயங்கினாலன்றி அதற்கு மதிப்பெண் இல்லை என்பது. முக்கால் பங்கு முடித்தவரும் தொடாதவரும் ஒரே நிரை.

நேரம் போகும் மற்றொரு வழி இதனினும் நுட்பமானது. வலையமைப்புக்குத் தனக்கென ஒரு காலம் உண்டு. பழைய முறையில் இயங்கும் சுவிட்சின் வாயில் ஒன்று திறந்து செய்தி கடத்தத் தொடங்க, கேட்பதற்குப் பதினைந்தும் கற்பதற்குப் பதினைந்துமாக முப்பது விநாடி எடுத்துக்கொள்ளும். ஒரே தெருவில் கூடும் ரவுட்டர்கள் தமக்குள் தலைமையைத் தெரிவுசெய்யுமுன் நாற்பது விநாடி காத்திருக்கும். இணையப் பெருவழிகளை இணைக்கும் நெறிமுறையில், மறுமுனை மறைந்துவிட்டது என்று முடிவுசெய்யவே வழக்கமாக நூற்றெண்பது விநாடி செல்லும். இதை அறியாதவர், அல்லது அறிந்தும் பதற்றத்தில் மறந்தவர், சரியான கட்டளையை இட்டுவிட்டுப் பத்தாம் விநாடியில் இயங்கவில்லையே என்று அதை அழித்துவிடுகிறார். பிறகு தவறானதை இடுகிறார். அரைமணிக்குப் பின் சுற்றிவந்து முதலில் இட்டதையே மீண்டும் இடுகிறார்.

ஆக, ஓரிடத்தில் விட்டு எழ மனம் வராமல் காலம் போகிறது. மற்றோரிடத்தில் இருந்து பொறுக்க மனம் வராமல் போகிறது. விரல்களின் வேகத்தைக் கூட்டுவதால் இவ்விரண்டில் ஒன்றும் தீர்வதில்லை. கட்டளைகளை விரைந்து தட்டச்சிடப் பயிற்றும் நிலையங்கள் பல உள்ளன. அப்பயிற்சி வீண் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதனால் மிஞ்சுவது சில நிமிடங்களே என்பது நம் மாணவர் கணக்கிட்டுச் சொன்னது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நம் நினைவில் எழுந்தவர் சதாவதானி செய்குத் தம்பிப் பாவலர். 1874-இல் இடலாக்குடியில் பிறந்த அப்பெருமகனார் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கவனகம் நிகழ்த்திக் காட்டியவர். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார்; ஒருவர் இலக்கண ஐயம் எழுப்புவார்; ஒருவர் கணக்குப் போடுவார்; இவற்றுக்கிடையே முதுகில் விழும் பூக்களையோ மணிகளையோ எண்ணிக்கொண்டிருக்கவேண்டும். அவதானியின் பெருமை அவர் நினைவாற்றலில் இருப்பதாகவே பேசுகிறோம். நினைவாற்றல் இன்றியமையாததுதான். ஆயினும் ஒரு வெண்பாவின் சுவையில் அவர் ஒரு கணம் கூடுதலாகத் தங்கியிருப்பாரேல் அடுத்த பூ எண்ணிக்கையினின்று நழுவியிருக்கும். தங்காமல் கடந்து, கடந்ததை மறவாமல் திரும்பிவரும் ஆற்றலே அக்கலையின் உயிர்நாடி என்பது நம் கருத்து. பாவலர் அதனை நெஞ்சிலே நிகழ்த்தினார். நம்போன்றோர்க்குத் தாள் வேண்டும்.

தாளின் அருமையை நம் மாணவர் அறிந்தது நம்மிடமிருந்தன்று, தம் இல்லத்திலேதான். கால்வாய்ப் பரபரப்பு அடங்கிய சில திங்கள் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவர் தந்தையார் சுரங்கத்தில் நீரேற்றும் பம்புகளைப் பராமரிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர். நெய்வேலிப் படுகையில் பழுப்பு நிலக்கரியின் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தளம் நிற்கும். ஆகவே பம்பு வேலைக்கு முடிவென்பதே இல்லை; ஷிப்டுக்குத்தான் முடிவு. பாதியில் நிற்கும் வேலையை அடுத்து வருபவருக்கு எழுதி வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வாறு எழுதிப் பழகிய கைக்குறிப்பேடு ஒன்று திண்ணை மாடத்தில் இருந்தது. எந்தப் பம்பு, எந்நேரம் நிறுத்தியது, எதுவரை கழற்றியது, எது கையில் இல்லை என்று ஒவ்வொன்றும் ஒரே வரியில். ஒரு சொல் மிகையில்லை. நம் ஆய்வேட்டு மாணவர்கள் பார்த்துப் படிக்கத்தக்க உரைநடை.

“எட்டு மணி நேரந்தானேய்யா, ஒரு ஷிப்டு. இதுக்கா புள்ள இம்புட்டு மருகுது? நடுவுல சோறு போடுறாங்களா?” என்று அவர் நம்மைக் கேட்டார். உணவு இடைவேளை உண்டென்று மகன் சொன்னதும் அவருக்குத் தேர்வின்மேல் சற்று மதிப்பு உண்டாயிற்று.

அந்தக் குறிப்பேட்டின் முறையையே மகன் தம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். தாளில் கோடிட்டு, வேலையின் எண், மதிப்பெண், தொடங்கிய நேரம், இப்போதைய நிலை, எந்த இடத்தில் விட்டது என்று எழுதலானார். புதிதாக ஒன்றும் புலப்படாமல் பதினைந்து நிமிடம் கழிந்தால் விட்ட இடத்தை ஒரு வரியில் குறித்துவிட்டு எழுந்துவிடவேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட விதி. எழுதி வைத்தபின் அவ்வேலை மனத்தைத் தொந்தரவு செய்வதில்லை என்றார். எழுதாமல் விட்டதுதான் அடுத்த வேலையின் நடுவே வந்து நிற்கிறதாம். ஆனால் இவ்விதி எல்லா வேலைக்கும் பொருந்தாது என்பதையும் அவரே கண்டார். பிற வேலைகள் எதன்மேல் நிற்கின்றனவோ அதை விட்டு எழ இயலாது. ஆதலால் முதல் அரைமணியில் வினாக்களை முழுவதும் படித்து, படம் வரைந்து, வேர் எது இலை எது என்று பிரித்துக்கொண்டார். வேருக்கு நேரம் கணக்கில்லை. இலைக்குப் பதினைந்து நிமிடம். இப்பெயர்கள் மட்டும் நாம் இட்டவை.

இட்ட மாற்றங்களை உடனுக்குடன் சேமிப்பதையும் அவர் ஒரு கட்டமாகத் தாளில் சேர்த்தார். ரவுட்டரில் இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பு வேறு, அதன் நிலைநினைவில் எழுதப்பட்ட அமைப்பு வேறு. எழுதாத நிலையில் கருவி ஒருமுறை அணைந்து எரிந்தால் உழைப்பெல்லாம் போயிற்று. ரெட் ஹாட் நிறுவனத்தின் செய்முறைத் தேர்வுகளிலும் கணிப்பொறியை மீளத் தொடக்கிய பின்னும் நிலைத்து நிற்கும் வேலைக்கே மதிப்பெண்.

2024-இல் அவர் மீண்டும் பெங்களூர் சென்றார். இறுதியில் இருபத்தைந்து நிமிடம் கையில் இருந்ததாம். தாளில் ஓர் இலை வேலை முடியாமல் நின்றது. அதை எடுக்கவா, முடித்தவற்றைச் சோதிக்கவா என்று ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, அவ்வேலையைக் கோடிட்டு அடித்தார். வேரிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்ததில் இரண்டு கருவிகளில் சேமிக்காத மாற்றங்கள் அகப்பட்டன. தேறிவிட்டார், அவருக்கும் ஓர் எண் வந்தது.

வீட்டில் இதை விவரித்தபோது தந்தையார் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: “அடிச்சுப் போட்ட அந்த வேலைய அடுத்த ஷிப்டுல யாருப்பா பாத்தது?”