இரண்டு படி சிறுகிழங்கு

திருநெல்வேலி ஜங்ஷனில் சென்னை வண்டியை விட்டு இறங்கி, செங்கோட்டைப் பாசஞ்சரில் ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்துவிட்டால், அப்புறம் படிப்பதற்குப் பத்திரிகை எதுவும் தேவையில்லை. (எங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆசிரியர் மன்னிப்பாராக!) சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஸ்டேஷன்கள் பின்னால் நகர நகர, மேற்கே பொதிகை மலை நம்மை நோக்கி நடந்து வருவதுபோல் இருக்கும். பொங்கல் சமயமானால் இரு பக்கமும் பிசானப் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி நின்றால், ஆற்றுக்கு அக்கரையில் அம்பாசமுத்திரம். இக்கரையில், அப்பளத்துக்குப் பெயர் போன நம் ஊர். தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் ஊரை ஒட்டி ஓடுகிறது. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவர் வெட்டிய கால்வாய் என்று ஊரில் கதை சொல்வார்கள். அந்தத் தண்ணீரின் ஈரம் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது என் அத்தை வீட்டுத் தோட்டம்.

வாசல் திண்ணையில் புறப்பட்டால், ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றடி என்று நடந்து நடந்து, கால் வலிக்கிற சமயத்தில் தோட்டம் வரும். அத்தை வீட்டில் அதிகாலையில் எழுந்ததும், "இன்றைக்கு என்ன சமையல்?" என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "எனக்கென்னடி தெரியும்? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்பாள். முறத்தை இடுக்கிக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது முறத்தில் இருப்பதுதான் அன்றைய சமையல். சென்னையில் நாம் முதலில் சமையலைத் தீர்மானித்துக்கொண்டு, பிறகு பையை எடுக்கிறோம். டிசம்பரில் மாங்காய், மே மாதத்தில் காலிபிளவர், எதற்கும் குறைவில்லை. ஆனால் அவரைக்காய்க்கு எது மாதம் என்று கேட்டால் என்னைப் போன்றவர்கள் விழிக்கத்தான் வேண்டும்.

மார்கழியும் தையும் அந்தத் தோட்டத்துக்கு ராஜ யோகம். பந்தல் தெரியாமல் அவரை காய்த்துக் கிடக்கும். மொச்சை, கத்தரி, பறங்கி, சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி எல்லாம் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வரும். இவ்வளவையும் என்ன செய்வது? அதற்காகவே திருவாதிரை வருகிறதோ என்னவோ! களிக்குத் தொட்டுக்கொள்ளத் திருநெல்வேலிச் சீமையில் தாளகம் வைப்பார்கள். எள், பச்சரிசி, துவரம் பருப்பு, மிளகாய் வற்றல், தேங்காய்த் துருவல் இவற்றைச் சிவக்க வறுத்து அரைத்து, புளி ஜலத்தில் வெந்த காய்களோடு சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். எள்ளை மட்டும் தனியாக, எண்ணெய் விடாமல் வறுப்பது அத்தையின் கட்சி. வெடிக்கும்போதே இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் குழம்பே கசந்துவிடும்.

ஆனால் அந்தத் தோட்டத்துக்கு மகுடம் வைத்தது சிறுகிழங்குதான். சென்னைச் சகோதரிகள் பலர் இதைப் பார்த்திருக்கமாட்டார்கள். சுண்டைக்காயைவிடப் பெரிது, எலுமிச்சையைவிடச் சிறிது. கறுத்த தோல், அதன்மேல் ஒட்டிய மண். ஆடி, ஆவணியில் கொடியை நறுக்கிப் பாத்தியில் நட்டால் தைப் பொங்கலுக்குக் கிழங்காகிவிடும். தோலைச் சீவ அரிவாள்மணையோடு உட்கார்ந்தால் விடிந்துவிடும். அத்தை கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு சாக்குப் பையில் கட்டி, துணி துவைக்கிற கல்லில் நாலு போடு போடுவாள். பிறகு சாக்கோடு சேர்த்துத் தேய்த்தால் முக்கால்வாசித் தோல் தானே கழன்றுவிடும். விரலில் ஏறிய கறுப்பு மட்டும் இரண்டு நாளைக்குப் போகாது. அந்தக் கிழங்கை வேகவைத்து, தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம் பருப்பு தாளித்துப் பொரியல் செய்தால் வருகிற மண் வாசனைக்கு ஈடாக ஒன்றை நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

பொங்கலுக்கு முதல் நாளே நாலு வீட்டுக்கு அத்தையிடமிருந்து காய் போகும். எதிர் வீட்டுப் பாட்டி, பால்காரம்மா, பூக்காரி, பின் தெருவில் வாத்தியார் வீடு. எத்தனை வருஷமாக நடக்கிற வழக்கமோ!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. சென்னையில் வருஷம் முழுவதும் பெய்வது சுமார் 140 சென்டிமீட்டர்தான் என்று சொன்னால் அதன் வேகம் புரியும். தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடியது. மூன்று நாள் டெலிபோன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அத்தை, "வீட்டுக்கு ஒண்ணுமில்லை, எனக்கும் ஒண்ணுமில்லை. தோட்டம்தான்..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள்.

அந்தப் போகிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவு சாத்தியிருந்தது. பண்டிகை நாளில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை.

தோட்டத்தைப் போய்ப் பார்த்தேன். அவரைப் பந்தல் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தது. முருங்கை மரம் முறிந்து, அடிமரம் மட்டும் நின்றது. கத்தரிச் செடியெல்லாம் அழுகிப் போய்விட்டன. வாழைகள் சாய்ந்த கதையை மட்டும் அத்தை கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஐந்து மரம் ஒரே ராத்திரியில் விழுந்ததாம். ஒரு வாரம் முழுக்க வாழைத்தண்டுப் பச்சடி, வாழைப்பூப் பருப்புசிலி, வாழைக்காய்ப் பொடிமாஸ்; மறு நாள் மறுபடியும் தண்டு! "குரங்காப் பிறந்திருக்கலாம்னு தோணிப்போச்சு" என்றாள். வடிந்த வண்டல் காய்வதற்குள் முளைக்கீரை விதையைத் தூவியிருந்தாள். அது இருபத்தைந்து நாளில் பறிப்பதற்குத் தயாராகிவிட்டது. மொத்தத் தோட்டத்திலும் அந்த ஒரு பாத்திதான் பச்சை.

நான் என் பங்குக்குச் சென்னையிலிருந்து ஒரு பை நிறைய காரட்டும் பீன்ஸும் கொண்டு போயிருந்தேன். அத்தை பையை வாங்கிக் கூடத்தில் வைத்தாள். "இருக்கட்டும். சூரியனுக்கு முன்னால வைக்கிறது நம்ம மண்ணுல விளைஞ்சதா இருக்கணும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "காய் இல்லாம நான் சாப்பிட மாட்டேனாடி? நாலு பேர் வருவா. கையை விரிக்கணுமே!" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவு சாத்தியிருந்த காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சாயந்திரம் இரண்டு பேருமாக மண்வெட்டியும் கையுமாகக் கிளம்பினோம். சிறுகிழங்குப் பாத்தி மூன்றில் இரண்டு தாழ்வானவை. வெட்டியதும் குப்பென்று அழுகல் நாற்றம் அடித்தது. மூன்றாவது பாத்தி கிணற்று மேட்டை ஒட்டி இருந்தது. தண்ணீர் அங்கே தங்கவில்லை போலும். முதல் வெட்டிலேயே நாலு கிழங்கு உருண்டது. இருட்டும் வரை மண்ணைக் கையால் பிசைந்து பிசைந்து பொறுக்கினோம். அளந்து பார்த்தால் இரண்டு படி.

அத்தை அதில் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்குள் கொண்டு வந்ததும் முதல் வேலையாக, நல்ல கிழங்காகப் பார்த்து ஒரு பெரிய பிடி எடுத்து, சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டுப் பரணில் ஏற்றினாள். அது விதைக்கு. இருப்பதே இரண்டு படி, அதிலுமா என்று நான் வாயைத் திறந்தேன்; அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மீதியில் நாளைய பூஜைக்கும் எங்களுக்கும் ஒரு பங்கு. மற்றதை நாலு கிண்ணத்தில் போட்டு, "நீயே கொண்டு போய்க் கொடு. எனக்கு வெட்கமா இருக்கு" என்றாள்.

நான் போனேன். கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரும் வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது என்பது எனக்கு மறந்துவிட்டிருந்தது. எதிர் வீட்டுப் பாட்டியின் கிண்ணத்தில் நாலு கத்தரிக்காய் வந்தது. பால்காரம்மா வீடு மேட்டில் இருந்ததால் அவள் முருங்கை பிழைத்திருந்தது, கீரையாகக் கொடுத்தாள். பூக்காரி இரண்டு காய் தேடி எடுத்தாள், அதுவும் முருங்கைதான். வாத்தியார் மனைவி ஒரு கைப்பிடி மொச்சையைப் போட்டு, "மாமி கிட்டே சொல்லுங்கோ, விதை அவா கொடுத்ததுதான்" என்றாள்.

பொங்கலன்று சூரியனுக்கு முன்னால் கிழங்கையும் ஒரு கட்டு முளைக்கீரையையும் வைத்தோம். கனுவன்று மஞ்சள் இலையில் காக்காய்ப் பிடி வைத்துவிட்டு வந்ததும், வழக்கமான சித்திரான்னங்களை விட்டுவிட்டு அத்தை வெண்கலப் பானையை ஏற்றினாள். எந்தக் காயும் ஒரு கறிக்குப் போதாது. எல்லாம் சேர்ந்தால்? கூட்டாஞ்சோறு!

நாலு பேருக்கு இரண்டு ஆழாக்கு அரிசி, முக்கால் ஆழாக்குத் துவரம் பருப்பு. பருப்பு அரை வேக்காடு வந்ததும் அரிசி, மஞ்சள் பொடி, காய்கள். கிழங்கும் மொச்சையும் முதலில், கத்தரிக்காய் பின்னால். புளியை முன்னாலேயே விட்டால் பருப்பு வேகாது. அரிசி முக்கால் பதம் வந்த பிறகுதான் விட வேண்டும். தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம் மூன்றையும் கொரகொரவென்று அரைத்துச் சேர்த்து, உப்புப் போட்டு, முருங்கைக் கீரையைக் கடைசியில் தூவிக் கிளற வேண்டும். மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. (வெங்காயம், பூண்டு சேர்க்கிற வீடுகளில் அதையும் கூட அரைப்பார்கள், அதன் ருசி வேறு.) தொட்டுக்கொள்ள அந்த ஊரில் அப்பளத்துக்கா பஞ்சம்?

ஆனால் எங்கள் பானை நாலு பேருக்கான பானை அல்ல. வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தையே நின்று கூப்பிட்டாள். என் காரட்டை வாத்தியார் வீட்டுக் குழந்தைகள் பச்சையாகவே கடித்துத் தீர்த்தன. கடைசியில் பானையின் அடியில் ஒட்டியிருந்த காந்தலுக்கு எனக்கும் எதிர் வீட்டுப் பாட்டிக்கும் போட்டி. பாட்டிக்கு எண்பது வயசு இருக்கும். இருந்தும் அவள்தான் ஜெயித்தாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் அத்தையிடமிருந்து போன் வந்தது. "கொடி நன்னாப் பிடிச்சிருக்கு. பால்காரம்மா வீட்டுக்கும் வாத்தியார் வீட்டுக்கும் நறுக்கிக் கொடுத்தேன். பொங்கலுக்கு வரச்சே காரட்டெல்லாம் வேண்டாம், நல்ல சாக்கா ஒண்ணு கொண்டு வா. இங்கே இருக்கிறது தேய்ச்சுத் தேய்ச்சுக் கிழிஞ்சு போச்சு."