ஒரே தீயில் காய்ந்த தோல்கள்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி, வாவியோரத்து வளவொன்றில் கலப்பிசை ஒத்திகை. நாலு மணிக்கென்றார்கள். ஐந்தாகியும் ஓர் அடி விழவில்லை. முதல்நாள் மழை பெய்திருந்தது. வாவிக்காற்றின் ஈரத்தில் தோல்களெல்லாம் தொய்ந்துபோய்க் கிடந்தன. பறைமேளக்காரரோடு வந்தவர் தென்னோலையைக் கொளுத்தித் தம்பட்டத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். காத்தான்குடியிலிருந்து வந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் றபானையும் அதே தீயில் நீட்டினார். வயலின்காரர் பறங்கியர். முறுக்காணியைத் திருகி இரண்டே நிமிடத்தில் தயாராகிவிட்டு, பிளேன்ரீயோடு உட்கார்ந்திருந்தார்.

வயலினும் காத்திருந்துதான் ஆகவேண்டும். இங்கே நேரத்தை முடிவுசெய்வது தோல்.

இசையமைக்கும் இளைஞர் பறங்கியரின் கப்ரிஞ்ஞா மெட்டிலிருந்து தொடங்கியிருந்தார். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கேயரின் மொழியும் ஆட்டமும் மட்டும் பறங்கியர் வழியாக இங்குள்ள கலியாண வீடுகளில் தங்கிவிட்டன. கப்ரிஞ்ஞா ஆறு எண்ணிக்கையில் துள்ளும். வயலின் அதை மும்மூன்றாக நடத்த, மத்தளம் இரண்டிரண்டாக உடைத்தது. இளைஞர் கைப்பேசியில் தாளம் தட்டவிட்டார். கூத்து அண்ணாவியாருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பெட்டிய நிப்பாட்டு மனே. நான் வாயால சொல்றன், கேளு."

சொற்கட்டை மூன்று தரம் சொல்லிச் சல்லாரியைத் தட்டினார். நான்காவது தரம் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்த தகராறு சுருதி. பறைமேளத்தோடு வந்த சொர்ணாளிக் குழல் வயலினோடு ஒட்டாமல் கொஞ்சம் கீழே நின்றது. குழலின் துளையை நகர்த்த முடியாது. வயலின்காரர் முனகிக்கொண்டே நாலு கம்பியையும் இறக்கினார். கலப்பிசை மேடைகள் பலவற்றில் இதற்கு நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறேன். எல்லாம் கீபோர்ட் சுருதிக்கு வளையும், பறை நடுவில் ஒரு நிமிடம் காரத்துக்காக வந்துபோகும்.

நம் கருவிகளுக்கு முதலிடம் கொடுப்பதில் இந்தப் பக்கத்துக்கு முன்னோடிகள் உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. மௌனகுரு 'இன்னியம்' என்ற அணியை உருவாக்கினார். விருந்தினரை வரவேற்க மேலைநாட்டு பாண்டுக்குப் பதில் பறை, மத்தளம், உடுக்கு, சல்லாரி, சங்கு. உடையும் கூத்தின் சாயலில். செத்த வீட்டோடும் கோயில் வெளிவீதியோடும் சாதி கட்டிவைத்திருந்த பறை அங்கே ஊர்வலத்தின் முன்னால் வந்தது. எனக்கு அதன் இசையைவிட இந்த இடமாற்றம்தான் பெரிதாகப் படுகிறது. ஆனால் பறை முன்னால் வந்த அளவுக்குப் பறையடித்து வளர்ந்த குடும்பங்கள் வந்தனவா? பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்று ஒதுங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் ஒதுங்குவதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருட்டியதும் தோல்கள் மறுபடி தளர்ந்தன. இளைஞர் நாளைக்கும் இதே நேரம் என்றார். பறைமேளக்காரர் கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஏலாது தம்பி. ஏறாவூர்ப் பக்கம் ஒரு செத்த வீடு. மேளமும் என்னோடதான் வரும்."

இளைஞர் தாளில் நாளைய தேதியை அடித்துவிட்டு, அடுத்த கிழமையில் ஒரு நாளைத் தேடினார்.