மார்கழிப் பனியில் யாழ்ப்பாணம் போகிறீர்களா?



டிசம்பர் விடுமுறை தொடங்கியதும் புத்தளத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணம் போய்வரும் நம் குடும்பங்கள் பல. சொந்த வளவைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு, மீளக் குடியேறிய உறவினர் வீட்டில் நாலு நாள் தங்கப் போகிறவர்களும் உண்டு. என்னிடம் ஓதும் பிள்ளைகளின் உம்மாமார் அந்த நாட்களில் கேட்பார்கள்: "மௌலவி, அங்கே மார்கழியில் குளிருமாமே, பிள்ளைகளுக்கு என்ன உடுப்பாட்டுவது?" முதன்முதல் இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். யாழ்ப்பாணம் என்ன நுவரெலியாவா? பனையும் வெயிலும் உள்ள பூமியில் குளிருக்கு உடுப்பா?

சிரித்ததற்கு நல்ல பாடம் கிடைத்தது. ஒரு தை மாதம் குடும்பத்தோடு புறப்பட்டோம். நான் மெல்லிய ஜுப்பாவோடு, மனைவி ஒற்றை ஹபாயாவோடு, பிள்ளைகள் பெருநாள் உடுப்போடு. ஸுபஹ் பாங்குக்கு முன்னரே பஸ் எங்களை யாழ்ப்பாண நகரில் இறக்கிவிட்டது. தெருவிளக்கைச் சுற்றிப் புகைபோல ஏதோ நின்றது. எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பனி! சோனகர் தெருவுக்கு நடந்து சேர்வதற்குள் என் தாடி நனைந்திருந்தது. மூன்றாம் நாள் இரவு கடைக்குட்டிக்குத் தடிமன் பிடித்து, நெஞ்சில் இழுப்பும் சேர்ந்து, விடியும் வரை அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தோம். வெப்பமானியில் பார்த்தால் 22, 23 பாகைதான் இருந்திருக்கும். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது, சகோதரிகளே.

காரணம் இதுதான். குடாநாட்டில் மலை இல்லை, மேடு இல்லை. கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த தட்டைத் தரை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்து மண்ணும் சுவரும் ஊறிப்போய்விடும். மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில் தரை விரைவாகக் குளிர, தரையை ஒட்டிய ஈரக்காற்று பனியாக இறங்கிவிடுகிறது. இதோடு வாடைக்காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். பருத்தித்துறைப் பாதையில் வல்லைவெளியை விடியலில் மோட்டார் சைக்கிளில் கடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்! தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் ஏறினால் அதே ஊரில் வியர்க்கும். விடியலுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று என்று இரண்டு காலத்துக்கும் சேர்த்து உடுக்க வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

ஆகவே தடித்த ஒரே உடுப்பை நம்பாதீர்கள். உள்ளே மெல்லிய பருத்தி, அதன்மேல் கழற்றக்கூடிய கம்பளிச் சுவெட்டர், அதற்கு வெளியே ஹபாயா. கம்பளி சற்று ஈரமானாலும் சூட்டை விடாது. பருத்தி ஈரமானால் உடம்பைக் குளிர்விக்கும். வளைகுடாவிலிருந்து வரும் வழுவழுப்பான கறுப்பு ஹபாயாத் துணி பனித்துளியை உதறிவிடும், சீக்கிரம் காயும், அது நல்லதே. ஆனால் அதை மட்டும் உடுத்தால் விடியலில் குளிரும், பகலில் வியர்வையோடு ஒட்டும். பிள்ளைகளுக்குக் காதும் நெஞ்சும் மூடினால் பாதிக் கவலை தீர்ந்தது. வாப்பாமாரும் தொப்பியைச் சற்று இழுத்துக் காதை மூடலாம், குறைந்துபோக மாட்டார்கள். தடித்த ஜீன்ஸ் துணியைக் கொண்டே போகாதீர்கள். என் மூத்தவனின் ஜீன்ஸ் கொடியில் மூன்று நாள் தொங்கியும் காயாமல், ஈர நாற்றத்தோடு பையில் ஏறித்தான் ஊர் திரும்பியது.

துவைத்ததை முற்றத்துக் கொடியில் இரவில் விட்டால், மாலையில் காய்ந்தது காலையில் நனைந்திருக்கும். அஸருக்கு முன் எடுத்துவிடுங்கள். சாம்பிராணிப் புகை காட்டினால் துணியின் ஈரமணம் போகும்; வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் அதுவும் வேண்டாம்.

இனி, நான் மௌலவி அல்லவா, மார்க்கத்தைத் தொடாமல் போக முடியாது.

குளிர் காலத்தில் வுழூவை அரைகுறையாக முடிப்பது நம்மில் பலரிடம் உள்ள குறை. இறுக்கமான சுவெட்டர்க் கையை முழங்கை வரை ஏற்ற முடியாமல், மணிக்கட்டுக்குச் சற்று மேலே நனைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். முழங்கை நனையாவிட்டால் வுழூ இல்லை, தொழுகையும் இல்லை. தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் ஒடுங்கிய கையுள்ள கம்பளி ஜுப்பா அணிந்திருந்தார்கள். வுழூவின்போது கை மேலேறவில்லை. முழங்கையை விட்டுவிடாமல், ஜுப்பாவுக்கு அடியால் கையை வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்று முஃகீரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சுவெட்டர் வாங்கும்போது கையை ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.

அதே அறிவிப்பில் காலுறை மீது மஸஹ் செய்ததும் வருகிறது. ஆனால் நாம் பாட்டாக் கடையில் வாங்கும் மெல்லிய நூல் காலுறைக்கு நமது ஷாஃபிஈ மத்ஹபில் அந்தச் சலுகை இல்லை. நீர் புகாத, நடக்கத் தாங்கும், கரண்டையை மூடிய உறையை வுழூவோடு அணிந்திருக்க வேண்டும். உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று. இரண்டு வாரம் தங்கும் எண்ணத்தோடு போனவர் அங்கே உள்ளூர்க்காரரே, பயணிக் கணக்குப் போட வேண்டாம்.

தண்ணீருக்கும் ஒரு வழி சொல்கிறேன். விடியலில் கூரைத் தாங்கிக் குழாயைத் திறக்காதீர்கள், கை விறைக்கும். கிணற்றில் அள்ளுங்கள்! நிலத்தடி நீர் இரவுக் காற்றைப் போலக் குளிர்வதில்லை. அந்நேரம் வாளித் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்.

பெண்கள் அதிகம் கேட்பது ஹபாயாவின் கரையைப் பற்றி. மழை ஓய்ந்த தெருவில் நடந்தால் சேறு தெறிக்கிறது, அதோடு தொழலாமா? நீண்ட கரையோடு அசுத்தமான இடத்தில் நடப்பதைப் பற்றி ஒரு பெண் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, அதன்பின் நடக்கும் தரை அதைச் சுத்தமாக்கும் என்ற நபிமொழியைச் சொன்னார்கள். காய்ந்த அசுத்தத்துக்கே இது பொருந்தும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் விளக்கம். ஈரச் சேற்றுக்கு நம் ஃபிக்ஹ் நூல்களில் தனிச் சட்டமே உண்டு. தெருச்சேற்றில் தவிர்க்க முடியாத அளவு மன்னிக்கப்படும். அந்த அளவு காலத்துக்குக் காலம், உடையின் இடத்துக்கு இடம் மாறும். மாரியில் மன்னிக்கப்படுவது கோடையில் மன்னிக்கப்படாது. கரையில் மன்னிக்கப்படுவது கைப்பகுதியில் மன்னிக்கப்படாது. எத்தனை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்! ஆகவே வஸ்வாஸ் கொண்டு ஒரு வக்துக்கு ஓர் ஹபாயா மாற்றி, காயாத துணிகளைக் குவிக்க வேண்டாம்.

குவிப்பது என்றதும் என் மாமியின் பை நினைவுக்கு வருகிறது. அவர் சோனகர் தெருவில் பிறந்தவர். அந்தத் தெருவில் ஒரு காலத்தில் தையல் மெஷின் சத்தம் ஓயாது. நகரத்தில் தையல் தொழில் நம்மவர் பலரின் கையில் இருந்தது. 1990 அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டபோது, அந்தத் தெரு மக்கள் ஏறக்குறைய உடுத்த உடையோடு போனார்கள். அந்த மாதம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் 70,000-க்கும் மேல். மாரி தொடங்கும் காலம் அது. ஒற்றைச் சேலை நனைந்து, உடம்பிலேயே காய்ந்து, மறுபடி நனைந்தது என்று மாமி சொல்வார். முந்தானைக்குள் பிள்ளையை மூடிக்கொண்டாராம். அந்தப் பிள்ளைதான் இன்று என் மனைவி.

இப்போது இரண்டு வாரப் பயணத்துக்கு மாமி மூன்று பை கட்டுகிறார். ஆளுக்கு ஐந்து சோடி, போர்வை, பழைய துவாய், நான் வேண்டாம் என்ற ஜீன்ஸ் கூட. "மாமி, பஸ்ஸில் இடமில்லை" என்று முதல் ஆண்டு சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் எதுவும் சொல்வதில்லை. கடைக்குட்டிக்கு இழுப்பு வந்த அந்த இரவில், பிள்ளையைச் சுற்றியது அவர் மூன்றாம் பையின் அடியிலிருந்து எடுத்த கம்பளிச் சால்வையைத்தான்.

அந்தச் சால்வை இப்போது ஊர் திரும்புவதில்லை. வரும் தைக்கு வேண்டும் என்று, வேப்பிலை வைத்துச் சுற்றி, யாழ்ப்பாணத்து வீட்டு அலுமாரியிலேயே வைத்துவிட்டு வருகிறார் மாமி.