பாலாடை

என் தமையனாருக்கும் எனக்கும் பேச்சு நின்று எட்டு வருஷமாயிற்று. இரண்டு மா நிலம்தான் காரணம். இதற்குள் எல்லாம் ஆறியிருக்கும் என்ற தைரியத்தில் சென்ற மாதம் திருவரங்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

"வாங்க தம்பி. அவுக கோயிலுக்குப் போயிருக்காக" என்று சொல்லி, அண்ணி ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து வைத்தார். மேலே ஆடை படிந்திருந்தது. ஆவி இல்லையே என்று மடக்கென்று குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது.

"ஆடை படிஞ்ச பாலு சீக்கிரம் ஆறாது, தம்பி" என்றார் அண்ணி.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆனாலும் விஞ்ஞானச் செய்திகளை விடாமல் படிப்பேன். சந்திரனைப் பற்றிப் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது.

ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகளுக்கு முன், பிறந்த புதிதில், சந்திரன் உருகிய பாறைக் கடலாக இருந்ததாம். பூமியும் அப்படித்தான், ஆனால் பூமி அந்தத் தழும்பைப் பின்னால் அழித்துக்கொண்டுவிட்டது. சந்திரனில் கனத்த தாதுக்கள் அடியில் தங்கின. லேசானவை மேலே மிதந்து வெள்ளைப் பாறையாக உறைந்தன. அனார்த்தோசைட் என்று அதற்குப் பெயர். 1969-ல் அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் அதன் துணுக்குகளைக் கண்டுதான் அந்தக் கடலையே ஊகித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் நம் சந்திரயான்-3 தென் துருவப் பக்கம் இறங்கியது. பிரக்யான் வண்டி 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அங்கும் அதே இனம்தான் என்று 2024-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அந்த இனக் கல் நம் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியிலும் உண்டு. சந்திர மண்போலப் பொடித்து ஒத்திகை பார்க்க இஸ்ரோ அங்கிருந்து எடுத்துப் போயிற்று.

இதில் ஒரு விசேஷம். மேலே மூடி இல்லாதவரை, கடலின் பெரும்பகுதி ஆயிரம் ஆண்டுக் கணக்கிலேயே உறைந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பாறை மூடிக்கொண்ட பிறகு, மிச்சமிருந்த கொஞ்சம் உறைவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தனவாம். சூடு வெளியேற வழி இல்லை.

நாங்கள் மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைகள் ஒழுங்காகத் தபாலில் போய் வந்தன. அதுதான் எங்கள் ஆடை.

அண்ணன் விபூதியோடு வந்து, "எப்ப வந்தே?" என்றார்.

"வடக்கு வயலை நீங்க எழுதிக்கிட்டது தப்புண்ணே" என்றேன்.

அவர் கத்தினார். நானும் கத்தினேன். அண்ணி குறுக்கே வரவில்லை. இருட்டிய பிறகு அண்ணன் உள்பக்கம் திரும்பி, "இலையைப் போடு, அவனுக்குப் பசிக்கும்" என்றார்.

நிலம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.