சொந்த வீடும் முத்திரைத் தீர்வையும்

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் பெரியோர்கள். நாமோ கட்டிய வீட்டை வாங்கிப் பார்க்க ஆசைப்படுகிறோம். சென்னைக்கு வெளியே 40 லக்ஷம் ரூபாயில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாங்கியில் 30 லக்ஷம் கடன். வட்டி 9 சதவீதம். தவணை 20 வருஷம். மாதம் சுமார் 27,000 ரூபாய் வீதம் கட்டி முடிக்கையில் 64 லக்ஷத்துக்கு மேல் போயிருக்கும். இது தெரிந்த சங்கதிதான்.

பத்திரம் எழுதுகிறவர் சாவதானமாகச் சொல்லும் சங்கதி வேறு: முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. ஆக 3,60,000 ரூபாய்! வெள்ளைக்காரர் 1947-இல் கப்பலேறிவிட்டார். அவருடைய 1899-ஆம் வருஷத்து முத்திரைச் சட்டம் மட்டும் திருத்தங்களுடன் இங்கேயே குடியிருக்கிறது, வாடகை கொடாமல்.

கடனைக் கணக்கிடும்போது பாங்கிக்காரர் இத்தொகையை வீட்டின் விலையில் சேர்ப்பதில்லை. கைப்பணமாகவே வைக்க வேண்டும். நம் குடும்பங்களில் கைப்பணம் பெரும்பாலும் பெண்களின் கழுத்தில் அல்லவா கிடக்கிறது? இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவளின் பெயர் பத்திரத்தில் இல்லாமற்போவது நமக்குச் சற்றும் சம்மதமில்லை.

2025 ஏப்ரல் முதல், 10 லக்ஷத்துக்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் நூற்றுக்கு 1 தள்ளுபடி உண்டு. பட்டணத்தருகே 10 லக்ஷத்துக்கு வீடு எங்கே அகப்படும் என்று கேட்பது அதிகப்பிரசங்கம். தள்ளுபடி கிடக்கட்டும், தம்பதிகள் இருவர் பெயரிலும் பத்திரம் எழுதினால் தீர்வை ஒரு காசும் கூடுவதில்லை. விசாரித்துவிட்டோம்.